பழகுநரா, எடுபிடியா?

ஐயா,

ஐ.டி.ஐ. முடித்து லேத் பட்டறையில் சேர்ந்தபோது முதல் மாதம் எனக்கு, கடையும்போது விழும் இரும்புச் சுருள் அள்ளும் வேலைதான். எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில், அதாவது இரும்பைச் சீவும் வெட்டுளியில், சுருள் நீலமாக வந்தால் சூடு அதிகம், டூல் கிறீச்சிட்டால் முனை மழுங்கிவிட்டது என்று மேஸ்திரி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அந்தக் காது எனக்கு வர இரண்டு வருடம் பிடித்தது.

இன்று என் மகனும் பழகுநர் (அப்ரென்டிஸ்). ஒரு வருடமாகப் பேக்கிங் பிரிவை விட்டு நகரவிடவில்லை. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். ஆனால் 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு அவர்களைத் தொழிலாளர் அல்ல என்கிறது. சரி, தொழிலாளி இல்லையென்றால் தொழிலைக் கற்றுத்தர வேண்டாமா? ஆய்வுக்கு வரும் அதிகாரி பதிவேட்டை மூடிவிட்டு, பையன் கையில் ஒரு வெர்னியர் அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொல்லட்டும்.

– ஓய்வுபெற்ற டர்னர், கோவை