கண் கிளினிக்கில் மனதைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

சீனி வருத்தமும் விழித்திரையும் பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. சீனி இருப்பது தெரிந்த உடனேயே ஒரு தடவை, பிறகு வருடத்துக்கு ஒரு தடவை, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும், விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் ஒரு அறிகுறியும் காட்டாது என்றெல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் விழித்திரை பழுதாகும்போது அந்த ஆளின் மனதுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. கண்ணாடி மாற்றிப் பிரயோசனம் இல்லை, இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் ஊசி என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாமி, அப்பாவின் அக்கா, தம்பலகாமத்தில் வயலும் மாடுமாக வாழ்ந்தவர். இப்போது உவர்மலையில் எங்களோடு இருக்கிறார். வயதோடு வருகிற மாக்குலாத் தேய்வு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி பழுதாவது, இரண்டு கண்ணிலும். இந்த நோயில் ஓரப்பார்வை இருக்கும், நடுப்பார்வைதான் மங்கி மறையும். அதனால் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் நன்றாகக் கண் தெரிகிற ஆள், வாசற்படி இடறாமல் நடப்பார், ஆனால் எதிரே நிற்கிறவரின் முகம் தெரியாது, அரிசியில் கிடக்கும் கல் தெரியாது, பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது. கோயிலில் யாரோ சிரித்திருக்கிறார்கள், இவர் பாராமல் போய்விட்டார், "டவுனுக்கு வந்ததும் பெருமை" என்று சொன்னது இவர் காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகு வெள்ளிக்கிழமைக் கோயிலும் இல்லை, கலியாண வீடும் இல்லை. சாப்பாடு குறைந்தது, நித்திரை குழம்பியது. வயது போனால் இப்படித்தான் என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள். அது வயது இல்லை, மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவர் பல மாதம் எங்களுக்கு மறைத்து வைத்திருந்தார். முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் பட்டுப்பாவாடையோடு வரிசையாக நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சத்தம் இல்லை, பேச்சு இல்லை, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறைந்துவிடுவார்கள். வேறு நாட்களில் சுவர் முழுக்கக் கோலம். அவை உண்மை இல்லை என்று அவருக்கே தெரியும், ஆனால் வாய் திறந்தால் விசர் என்று சொல்லி எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்ற பயம். கடைசியில் சொன்னபோது, நூல் கட்ட வேண்டும் என்று ஒரு பக்கம், மறதி நோய் தொடங்கிவிட்டது என்று இன்னொரு பக்கம், வீட்டுக்குள் பெரிய வாக்குவாதம். கண் கிளினிக்கில் இருந்த ஒரு இளம் டொக்டர்தான் தானாகவே கேட்டார், "அம்மா, இல்லாத ஆட்கள், பூ, கோலம் ஏதாவது கண்ணுக்குத் தெரிகிறதா?" என்று. மாமி அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். கண் டொக்டர் கேட்டதால்தான் அது கண் சம்பந்தப்பட்டது என்று அவருக்கே விளங்கியது.

இதற்குச் சாள்ஸ் பொனே நோய்க்குறி என்று பெயர். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சாள்ஸ் பொனே என்ற இயற்கை ஆய்வாளர், பார்வை குறைந்த தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை 1760 இலேயே எழுதி வைத்திருக்கிறார். விழித்திரையில் இருந்து வரவேண்டிய தகவல் வராதபோது மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படங்களை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். மனநோயும் இல்லை, பேயும் இல்லை. வெளிச்சத்தைப் போடுவது, கண்களை இடமும் வலமுமாக அசைப்பது, எழுந்து நடப்பது, இப்படிச் சின்ன விஷயங்களாலேயே பலருக்குப் படம் மறைந்துவிடும். காலம் போகப் போகப் பலருக்கு இது குறையவும் செய்யும். ஆனால் படத்தோடு குரலும் கேட்டால், அல்லது அதை உண்மை என்றே நம்பத் தொடங்கினால், அது வேறு, கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் இதே பயத்தை யாரிடமும் சொல்லாமல் இருக்கிற பெரியவர்கள் இருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது, அவர்களுக்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மனம் கண்ணைப் பாதிப்பதும் உண்டு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனம் சோர்ந்தவர் மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார், நடக்கப் போகமாட்டார், கிளினிக் நாளைத் தவறவிடுவார், இரத்தத்தில் சீனி ஏறும், ஏறினால் விழித்திரையின் சின்ன இரத்தக் குழாய்கள் கசியும், பார்வை குறையும், குறைந்தால் மனம் இன்னும் விழும். இப்படிச் சுற்றிக்கொண்டிருப்பவரிடம் "மாத்திரை ஏன் போடவில்லை" என்று எரிந்து விழுந்து என்ன பயன்? அதேபோல, நடுவயது ஆண்களுக்குக் கூடுதலாக வருகிற இன்னொரு பிரச்சினை, விழித்திரைக்குக் கீழே நீர் தேங்கி நடுப்பார்வை மங்குவது. கடும் மன அழுத்தத்துக்கும் ஸ்டீரொய்ட் மருந்துகளுக்கும் அதோடு தொடர்பு இருக்கிறது. பலருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வற்றிவிடும் என்று ஆரம்பத்திலேயே சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்று. வெளிச்சத்தை உணர்ந்து நித்திரைக்கும் விழிப்புக்கும் நேரம் குறிக்கிற தனி வகைக் கலங்கள் விழித்திரையிலேயே இருப்பதை 2002 இல் கண்டுபிடித்தார்கள். சில விழித்திரை நோய்களில், படம் பார்க்கிற கலங்கள் அழிந்த பிறகும் இவை வேலை செய்யும். அதனால் கண் தெரியாதவருக்கு வெளிச்சம் எதற்கு என்று இருட்டு அறையில் இருத்தி வைக்காதீர்கள். மாமியை இப்போது காலை வெயிலில் வெளி விறாந்தையில் இருத்துகிறோம், இரவு நித்திரை முன்னைவிட எவ்வளவோ பரவாயில்லை.

2014 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றையும் சொல்லவேண்டும். மாக்குலாத் தேய்வு உள்ள, மனச்சோர்வு தொடங்கும் நிலையில் இருந்த 188 பேர். பார்வை குறைந்தவர்களுக்கான சாதனங்களும் கண் சிகிச்சையும் எல்லாருக்கும் கிடைத்தன. ஒரு பகுதியினருக்கு மேலதிகமாக ஆறுதல் பேச்சு, மற்றவர்களுக்கு வீட்டுக்கே வந்து, இருக்கிற பார்வையோடு சமைப்பது, வெளியே போவது, விட்ட வேலையைத் திரும்பத் தொடங்குவது என்று பழக்கியிருக்கிறார்கள். நான்கு மாதத்தில் ஆறுதல் பேச்சுக் கிடைத்தவர்களில் 23 வீதமானவர்களுக்கு மனச்சோர்வு நோய் வந்திருந்தது, வீட்டில் பயிற்சி கிடைத்தவர்களில் 13 வீதம் மட்டும்தான். நான் இதில் இருந்து எடுத்துக்கொள்வது, "கவலைப்படாதீங்க அம்மா" என்று சொல்வது மட்டும் போதாது என்பதைத்தான். மாமிக்கு இடியப்பம் பிழியக் கண் தேவையில்லை, கைக்கே தெரியும், அதை அவரிடம் இருந்து நாங்கள் பறிக்கக்கூடாது.

திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு சுமை, மேலதிக சிகிச்சைக்குத் தூர இடம் போவது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், விடிய வரிசையில் நின்று, கண்ணில் ஊசி என்றதும் நடுங்குகிற ஒரு கிழவிக்கு, "விறைப்பு மருந்து விடுவார்கள், சில நொடியில் முடிந்துவிடும்" என்று தமிழில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அடுத்த ஊசிக்கு வரமாட்டேன் என்று மாமி சொன்னது வலியால் இல்லை, பயத்தால். ஊசி தவறினால் பார்வை போகும், ஆகவே அந்தப் பயத்தைக் கவனிப்பதும் கண் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. கண் கிளினிக்கில் இலக்கம் கொடுக்கிற இடத்திலேயே ஒரு தாதி இரண்டு கேள்வி கேட்கலாம்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் விருப்பம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இல்லாமல் இருந்ததா. உலகம் முழுக்க மனச்சோர்வைக் கண்டுபிடிக்கக் கேட்கிற கேள்விகள்தான் இவை. ஆம் என்றால் மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்கலாம். பார்வை குறைந்தவரிடம் அந்த இளம் டொக்டர் கேட்டதையும் கேட்கலாம். மாவட்டத்தின் சுகாதார அதிகாரிகள் இதை வாசித்தால் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. அடுத்த தடவை கண்நோய் பற்றிக் கட்டுரை போடும்போது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் போடுங்கள். இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகி,
திருகோணமலை.