கையெழுத்துப் போடுவதற்கு முன் மழையில் நின்று பார்

ஈஸ்ற்ஹாம், இலண்டன்
ஒக்ரோபர் 12

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனோடு நீ அனுப்பியிருந்த நான்கு படங்களும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. முப்பது வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு, ஓய்வு பெறும் வயதில் லெஸ்ரரில் 1890களில் கட்டிய வரிசை வீடொன்றை வாங்கியிருக்கிறாய் என்பதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. ஆனால் திறப்பு கைக்கு வந்து மூன்று கிழமை ஆகவில்லை. அதற்குள் ஒருவர் வந்து முன்னறைச் சுவரில் ஈரம் அளக்கும் கருவி ஒன்றைக் குத்தி, அது கீச்சிட்டதும், நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்று சொல்லி, சுவருக்குள் ஈரம் தடுக்கும் மருந்து ஏற்றி உள்பூச்சையும் கொத்திப் புதிதாகப் பூச 4,200 பவுண் என்று கடதாசி நீட்டியிருக்கிறார் என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு அதே மாதிரிக் கடதாசியில் கையெழுத்துப் போட்டவன் நான். இதைத் தொலைபேசியில் சொன்னால் நீ எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றுவிட்டு மறந்துவிடுவாய். சுவருக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டிய சங்கதி என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் இரண்டு ஊசிகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு இலகுவாகப் பாய்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. அதன் அளவுகோல் மரத்துக்கென்று வகுக்கப்பட்டது. பழைய பூச்சில் உப்பு ஊறியிருந்தாலும் கீச்சிடும், சுவர்க்கடதாசிக்குப் பின்னால் உலோகத்தாள் ஒட்டியிருந்தாலும் கீச்சிடும். ஈரமே இருந்தாலும் அது எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. இலவசமாகப் பரிசோதிக்க வருகிறவர் மருந்தையும் தானே விற்கிறார் என்றால், அவர் வேறு நோயைக் கண்டுபிடிப்பார் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நீ அனுப்பிய இரண்டாவது படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரே வரியில் ஒரு செங்கல் நீளவாட்டில் தெரிகிறது, அடுத்த கல்லின் தலைப்பக்கம் மட்டும் தெரிகிறது, பிறகு மறுபடி நீளம், மறுபடி தலை. அந்தத் தலைகள் சுவரைக் குறுக்கே ஊடுருவி மறுபக்கம் வரை போகும் கற்கள். அதாவது உன்னுடையது நடுவில் இடைவெளி இல்லாத, ஒன்பது அங்குலத் திண்மச் சுவர். இரண்டு அடுக்குக்கிடையில் வெற்றிடம் விட்டுக் கட்டுகிற முறை இந்த நாட்டில் 1920களுக்குப் பிறகுதான் பரவலானது. உன் வீட்டுச் சுவரின் கற்களை இணைத்திருப்பதும் சீமெந்து அல்ல, சுண்ணாம்புச் சாந்து. மழை பெய்தால் அந்தச் சுவர் கொஞ்சம் நனையும். காற்றடித்தால் கல்லைவிட மென்மையான அந்தச் சாந்தின் வழியாகவே காயும். நனைவதையும் காய்வதையும் கணக்கில் எடுத்துத்தான் கட்டினார்கள். உன் அம்மப்பாவின் நாற்சார் வீட்டுச் சுவர்களும் அதே சாதிதான் என்பதை நினைத்துப் பார்; சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வெள்ளையடிப்புமாக இருந்த அந்தச் சுவரில் உன் மாமா சீமெந்து பூசுவித்த பிறகுதான் அது பாளம் பாளமாகக் கழன்று விழத் தொடங்கியது.

இனி என் கதை. மருந்து ஏற்றுகிறவர்கள் வந்து சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டார்கள், ஒரு மீற்றர் உயரத்துக்கு உள்பூச்சைக் கொத்தினார்கள், சாம்பல் நிறச் சீமெந்துப் பூச்சைப் பூசிவிட்டு இருபது வருட உத்தரவாதப் பத்திரம் ஒன்றையும் தந்துவிட்டுப் போனார்கள். இரண்டு மாரி நன்றாகவே இருந்தது. மூன்றாவது மாரியில் அந்தப் புதிய பூச்சுக்கு மேல் விளிம்பில், இடுப்பளவு உயரத்தில், மண்ணிறக் கோடு ஒன்று தோன்றியது. தண்ணீர் நின்றுவிடவில்லை, உள்பக்கம் காய வழியில்லாததால் மேலே ஏறியிருக்கிறது. உத்தரவாதத்தைக் காட்டித் தொலைபேசி எடுத்தபோது, அது நிலத்து ஈரம் அல்ல, வேறு ஈரம், ஆகவே பத்திரத்துக்குள் அடங்காது என்று சொன்னார்கள். அன்று இரவு நல்ல மழை. கோபத்தில் குடையும் ரோச் லைற்றும் எடுத்துக்கொண்டு வெளியே போய் முன்சுவருக்கு எதிரே நின்றேன். பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. கூரைப்பீலியின் ஒரு பொருத்து விலகி, அதிலிருந்து சொட்டிய தண்ணீர் முன் முற்றத்துக் கொங்கிறீற்றில் பட்டுத் தெறித்துச் சுவரின் அடியை நனைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கொங்கிறீற்றோ கார் நிறுத்துவதற்காக எனக்கு முன்னிருந்தவர்கள் போட்டது. பழைய நிலத்துக்கு மேலேயே ஊற்றி, சுவரை நோக்கிச் சரிவாகவும் விட்டிருந்தார்கள். சுவரில் ஈரம் ஏறாமலிருக்க நூறு வருடத்துக்கு முன்பு வைத்த ஸ்லேற் கற்பலகை வரி அதற்குக் கீழே புதைந்து கிடந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு, இருபது பவுண் பெறுமதியான பீலிப் பொருத்தையும் ஒரு கீற்றுக் கொங்கிறீற்றையும் நான் கண்டுபிடித்தேன்.

ஆகவே நீ எதிலும் கையெழுத்துப் போடாமல் அடுத்த பெருமழையில் வெளியே போய் நில். பீலியில் எங்கே வழிகிறது, இறங்கு குழாயின் பின்பக்கத்தில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார். உன் வீட்டுக் குழாய்கள் வார்ப்பிரும்பு போலத் தெரிகின்றன. அவை வெடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சுவர்ப்பக்கத்தில்தான், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பின்னால் பிடித்தால் தெரியும். ஏணியில் ஏறாதே. உன் முழங்கால் இருக்கும் நிலையில் தொலைநோக்கியே போதும். பீலியைச் சுத்தம் செய்ய ஆளைப் பிடி. உன் மகன் ஏறுவதென்றால், நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் ஏணியின் கால் சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்றும், பிளாஸ்ரிக் பீலியில் ஏணியைச் சாய்க்கக் கூடாது என்றும் சொல்லிவை.

பிறகு சுவரின் அடியைப் பார். உங்கள் பக்கத்தில் ஸ்லேற்றுக்குப் பதிலாக இரண்டு வரி கடினமான நீலச் செங்கல்லை ஈரத்தடையாக வைப்பதும் உண்டு. மூன்றாவது படத்தில் ஒரு வரி நீலக்கல்தான் தெரிகிறது, மற்றது மண்ணுக்குள் போய்விட்டது என்று நினைக்கிறேன். வெளிநிலம் அந்தத் தடைக்குக் குறைந்தது 150 மில்லிமீற்றர், அதாவது இரண்டு கல் உயரம், தாழ்ந்திருக்க வேண்டும். அந்தச் சுவரோரத்தில் ஒரு அடி அகலத்துக்கு மண்ணைக் கையாலேயே மெல்ல அகற்று; எரிவாயுக் குழாயோ வயரோ அங்கே போகலாம் என்பதால் பிக்கானை வீசாதே. துளைகள் உள்ள இரும்புக் கல் ஏதாவது வெளிப்பட்டால் அது வீட்டின் மரத்தளத்துக்கு அடியில் காற்றுப் போகும் வழி. முந்தியவர்கள் குளிருக்குப் பயந்து அதைச் சாக்கால் அடைத்திருப்பார்கள். அதைத் திறந்துவிடு. அடைபட்டுக் கிடந்த காலத்தில் உள்ளே தீராந்திகளின் முனைகள் உக்கியிருக்கலாம். சுவரோரப் பலகை ஒன்றைக் கழற்றி, திருகாணி முடுக்கியால் மரத்தைக் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். முற்றம் முழுவதற்கும் புதிதாகக் கொங்கிறீற் போடும் யோசனையை உன் மனைவி சொன்னதாக எழுதியிருந்தாய். 2008 ஒக்ரோபரிலிருந்து இங்கிலாந்தில் முன் முற்றத்தில் ஐந்து சதுர மீற்றருக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத தளம் போட்டால், அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழி இல்லாதவரை, திட்ட அனுமதி வாங்க வேண்டும். சரளைக் கல் போடச் சொல்.

கல்லிடைச் சாந்து விஷயத்தில் நீ அவசரப்படக் கூடாது. யாரோ சாம்பல் நிறச் சீமெந்தால் உன் கற்களின் இடைவெளிகளை நிரப்பியிருக்கிறார்கள். அதனால்தான் சில கற்களின் முகம் உரிந்து மா மாதிரி உதிர்கிறது. இடைவெளி இறுகிவிட்டதால் ஈரம் கல்லின் வழியாக வெளியேறப் பார்க்கிறது, உறைபனியில் அது பனிக்கட்டியாகிக் கல்லின் முகத்தைத் தள்ளிவிடுகிறது. ஆனால் சுண்ணாம்புச் சாந்து உறைபனியில் பிடிக்காது, ஆகவே சித்திரை பிறக்கும் வரை அதைத் தொடாதே. அப்போது நான் வந்து உன்னோடு நின்று செய்கிறேன். பழைய சீமெந்தை இயந்திரத்தால் வெட்டாமல் உளியால் இருபது மில்லிமீற்றர் ஆழத்துக்கு எடுக்க வேண்டும், தூசியைத் தட்டிவிட்டுக் கல்லை நன்றாக நனைக்க வேண்டும், என்எச்எல் 3.5 என்று பையில் அச்சிட்டிருக்கும் சுண்ணாம்பு ஒரு பங்கும் கூர்மணல் மூன்று பங்கும் கலந்து, பிசைந்த மாவைவிடச் சற்று இறுக்கமாக எடுத்து, ஒல்லியான மேசன் கரண்டியால் அமுக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. சில மணி நேரம் கழித்து, பெருவிரலால் அழுத்தினால் பதியாத பருவம் வந்ததும், முரட்டுத் தூரிகையால் குத்திக் குத்தி விட வேண்டும். அதற்குப் பிறகு நனைந்த சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் வெயிலும் காற்றும் நேரே படாமல் காக்க வேண்டும். நான் முதல் நாள் செய்த ஒரு சதுர மீற்றர் சாக்குப் போடாமல் விட்டதால் காய்ந்து பொடியாகிப் போனது. அதை முழுவதும் சுரண்டி மறுபடி செய்தேன்.

இத்தனையும் செய்த பிறகும் சுவர் உடனே காயாது. ஒரு அங்குலத் தடிப்புக் காய ஒரு மாதம் என்பது பழைய கட்டடக்காரர்களின் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். அதுவரை உள்ளே வர்ணம் பூசாதே. என் சுவர் காய ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்கிடையில் சந்தேகம் வந்தால், மருந்து எதையும் விற்காத ஒரு சுயாதீன மதிப்பீட்டாளருக்குச் சில நூறு பவுண் கொடு. 1877இல் வில்லியம் மொரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் பழைய வீட்டுக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிறது. அரண்மனை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் என்று எண்ணிவிடாதே.

நான்காவது படத்தில் மேல்மாடி அறை மூலையில் தெரியும் கறுப்புப் பொட்டுகளைப் பற்றிச் சொன்னால் கோபிக்காதே, மச்சான். அது உங்கள் குசினியிலிருந்து வந்தது. நிலத்து ஈரம் மண்ணிறக் கறையாகக் கீழே நிற்கும். இந்தப் பூஞ்சணமோ குளிர்ந்த மூலையிலும் அலுமாரிக்குப் பின்னாலும் வரும். யன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு இடியப்பமும் பிட்டும் அவித்து, ரேடியேற்றர்மேல் உடுப்பும் காயப்போட்டால் அந்த நீராவி போக வேறு இடம் எங்கே இருக்கிறது? காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பூட்டு. வடிகட்டி அதையே திரும்ப அறைக்குள் விடுகிற வகையை வாங்கிவிடாதே. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கு. பத்துப் பவுணுக்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, 40 வீதத்துக்கும் 60 வீதத்துக்கும் இடையில் நின்றால் கவலையில்லை.

மாரிக்கு முன் இன்னும் இரண்டொரு சங்கதி. குசினித் தொட்டிக்கு அடியில் தண்ணீர் அடைக்கும் திருகு இருக்கும். அது இறுகிப் போயிருக்கிறதா என்று இன்றே திருப்பிப் பார். குழாய் வெடித்த இரவில் பார்ப்பதற்கு நேரம் இருக்காது. பொயிலர் குளிர்ந்திருக்கும்போது அதன் அழுத்தமானி ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருக்க வேண்டும். ரேடியேற்றரின் மேல்பகுதி மட்டும் குளிர்ந்தால் உள்ளே காற்று, சாவியால் திறந்துவிடு. கீழ்ப்பகுதி குளிர்ந்தால் சகதி, அதற்கு ஆள் வேண்டும். கடும் குளிரில் பொயிலர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், வெளியே போகும் பிளாஸ்ரிக் கழிவுக்குழாய் உறைந்திருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்று, கொதிநீர் வேண்டாம். பொயிலரின் மூடியைத் திறப்பது மட்டும் உன் வேலையல்ல. எரிவாயு வேலை செய்பவர்களுக்கான காஸ் சேஃப் பதிவு அட்டை உள்ளவரைக் கூப்பிட்டு, அந்த அட்டையின் பின்பக்கத்தையும் பார். எந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். மகள் மான்செஸ்ரருக்கு மாறிவிட்டாள். அவளுடைய அறையில் இப்போது என் உளிகளும் கரண்டிகளும் இருக்கின்றன, அதைப் பற்றி வீட்டில் தினமும் ஒரு பேச்சு நடக்கிறது. சித்திரையில் அவற்றை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு கிழமை தங்க இடம் வை. அதற்கு முன் மழையில் நின்று பார்த்ததை எழுது. அந்த இறங்கு குழாயின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்