செயலாளர் ஆண்டறிக்கை: போஜாங்கிள்ஸ் சிலை முனையில் நம் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி, வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் கறுப்பின மக்களின் பழைய குடியிருப்பான ஜாக்சன் வார்டில், லீ தெருவும் ஆடம்ஸ் தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கும் நடனக் கலைஞர் பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன் சிலைக்கே போனது.

நம்மில் பலர் ரிச்மண்டுக்கு வேலைக்காக வந்தவர்கள். அந்த வழியாகக் காரில் போவோமே தவிர, சிலையில் இருப்பவர் யார் என்று விசாரித்ததில்லை. 1878-ல் இதே ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, ஒரு காலத்தில் அடிமையாக இருந்த பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் நடனத்தில் கறுப்பினக் கலைஞர்கள் எட்டிய உயரத்துக்கு அவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். படிக்கட்டில் ஏறி இறங்கி ஆடும்போது ஒவ்வொரு படியிலும் வேறு வேறு ஒலி எழுப்புவார். சிலையிலும் அவர் படியிறங்கித்தான் ஆடுகிறார். இந்த முனையில் பிள்ளைகள் சாலையைக் கடக்கத் தவிப்பதைக் கண்டு, 1933-ல் சிக்னல் விளக்குக்குத் தன் கைக்காசைக் கொடுத்தார். சிலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

1973-ல் இந்த அலுமினியச் சிலையை நிறுவ முன்னின்றது அஸ்டோரியா பெனிஃபிஷியல் கிளப் என்ற உள்ளூர்க் கறுப்பினச் சங்கம். அப்போது இதே ஊரின் மானுமென்ட் அவென்யூ சாலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதிகளின் சிலைகள் ஓங்கி நின்றன. ஜாக்சன் வார்டையோ 1950-களில் நெடுஞ்சாலை போட்டு இரண்டாகப் பிளந்திருந்தார்கள். அந்த நிலைமையிலும் தங்கள் ஆட்டக்காரருக்குச் சிலை வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அவர் பிறந்த மே 25-ஐ அமெரிக்கா 1989 முதல் டாப் நடன நாளாகக் கொண்டாடுகிறது. அன்று சிலையருகே நாமும் கூடினோம். சிமென்ட் தரையில் ஆடினால் முழங்கால் போய்விடும், ஓசையும் எழும்பாது. அதனால் பிளைவுட் பலகைகளைப் பரப்பினோம். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, குதிகால் தட்டு எது, முன்பாதத் தட்டு எது என்று கேட்டார். கடைசிவரை தப்பில்லாமல் சொன்னவள் ஆறு வயதுச் சிறுமி.

அப்புறம், அடுத்த ஆண்டுக்கான சுவரோவியம். எந்தச் சுவர், யாருடைய உருவங்கள், எந்த ஓவியர் என்பதை அந்தப் பகுதிக் குடும்பங்களே முடிவு செய்யட்டும் என்று செயற்குழு கருதுகிறது. சாரம் கட்டவும் சுவரைச் சுரண்டிப் பூசவும் நம் ஆட்கள் வேண்டும். வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

நன்றி.
செயலாளர்