காய்ச்சல் விட்ட பிறகு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கோழிக்கோட்டில் நரம்பியல் மேற்படிப்பில் சேர்ந்த கையோடு போனில் கேட்டாயே, "நிபா வந்து பிழைத்தவர்களை ஏன் இன்னும் வரச்சொல்லிப் பார்க்கிறார்கள் அக்கா, காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று. அவசரத்தில் ஏதோ சொன்னேன். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1998 செப்டம்பர் வாக்கில் மலேசியாவின் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பன்றி இருக்கிறது, கொசு இருக்கிறது, ஆகவே பன்றியிடமிருந்து கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு புழங்கிய ஆண்கள். கொசு பரப்பும் நோய் என்றால் வீட்டுக் குழந்தைகளை இப்படி விட்டுவைக்குமா? பன்றிகளும் இருமி இருமிச் செத்தன. 1999 மார்ச்சில் சுங்கை நிபா கிராமத்து நோயாளியின் மாதிரியில் சுவா கா பிங் என்ற மலேசிய மருத்துவர் புது வைரஸை, அந்த ஊர்ப் பெயரையே பெற்ற நிபாவை, கண்டுபிடித்த பிறகுதான் வழி தெரிந்தது. பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்றார்கள். எல்லாம் அடங்கியபோது 265 நோயாளிகளில் 105 பேர் இல்லை. அந்தத் தொடக்க மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்த வைரஸ் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. குழாய் அடைபட்டு மூளை அங்கங்கே சிறு சிறு புள்ளிகளாக மடிகிறது. நரம்பு செல்களுக்குள்ளும் அது நேராகப் புகுகிறது. நினைவு மங்குவதும் தசைகள் துள்ளுவதும் ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் உடல் தானாகத் துடிக்கும் அனிச்சைச் செயல்) குறைவதும் இதனால்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மலேசியாவில் மூளைக்காய்ச்சலில் பிழைத்தவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, காய்ச்சலும் தலைவலியும் வலிப்பும் திரும்பி வந்தன. வெறும் காய்ச்சலோடு தப்பியவர்கள், நோய் வந்ததே தெரியாதவர்கள் சிலருக்கும் பிறகுதான் மூளையைத் தாக்கியது. இப்படித் தாமதமாக விழுந்தவர்களிலும் இறந்தவர்கள் உண்டு. அப்புறம் மனச்சோர்வு, மறதி, குணமாற்றம். இதையெல்லாம் எந்த ஸ்கேனுக்கும் முன்னால் வீட்டு ஆட்கள்தான் கவனிப்பார்கள். "முன்னே மாதிரி இல்லை டாக்டர்" என்று ஓர் அம்மா சொன்னால் உட்கார்ந்து கேள்.

2018-இல் உங்கள் பக்கம் நிபாவில் பிழைத்தவர்கள் இரண்டே பேர். பிழைத்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் 'நிபா' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடு. பத்து வருஷம் கழித்து வலிப்பு வந்தாலும், எந்த ஊர் ஆஸ்பத்திரி ஆனாலும், அந்தச் சீட்டை முதலில் காட்டச் சொல்.

அன்புடன்,
அக்கா