நோட்டில் பொய் எழுதாதே, கண்ணு

அன்புள்ள மகனுக்கு,

உனக்குச் சுகர் வந்திருப்பதை மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்று மாதச் சுகர் சராசரி (HbA1c) 7.4 சதவீதம் என்றாள். நீ சொல்லாமல் விட்டதில் எனக்குக் கோபமில்லை, கண்ணு. நானும் மறைத்தவள்தான்.

எனக்குச் சுகர் வந்து 11 வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் டாக்டரிடம் போவதற்கு நாலு நாள் முன்னாலிருந்தே சோற்றைக் குறைத்துவிடுவேன், இனிப்பைத் தொடமாட்டேன். வெறும் வயிற்றில் 120, 125 என்று வரும். டாக்டர் "பரவாயில்லைம்மா" என்பார். வீட்டுக்கு வந்ததும் பழையபடிதான் சாப்பாடு. ஒருமுறை அவர் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். 9.1 வந்தது. அவர் திட்டவில்லை. கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதித் தந்தார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம்.

அந்த வாரமே உங்கப்பா வீட்டிலேயே சுகர் பார்க்கும் மிஷின் வாங்கி வந்தார். அது வந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடே புரிந்தது. சுகருக்கு ராகி நல்லது என்று ஊரே சொல்லும், நானும் காலையில் இரண்டு டம்ளர் ராகிக் கஞ்சி குடித்துவந்தேன். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 236! மிஷின்தான் கோளாறு என்று நினைத்து மறுநாளும் பார்த்தேன், 229. நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால், எந்தத் தானியமாக இருந்தாலும் சட்டென்று இரத்தத்தில் ஏறிவிடுகிறது. அதே நான் ஒரு கரண்டி சோற்றோடு கொள்ளுப் பருப்பும் இரண்டு கரண்டி அவரைக்காய்ப் பொரியலும் சாப்பிட்ட நாளில் 158. அடை இரண்டு, கீரையோடு, 149. நாலு இட்லி சட்னியோடு சாப்பிட்டால் 210, இரண்டு இட்லிக்குக் கெட்டிச் சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்த்தால் 161. பொரியலையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால் இன்னும் கொஞ்சம் குறைந்தது. சாப்பிட்டதும் தெருக்கோடி வரை கால் மணி நேரம் நடந்தேன், அதற்கும் நல்ல பலன் இருந்தது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் விதிவிலக்கில்லை, எல்லாம் ஏற்றத்தான் செய்கிறது. இதெல்லாம் என் உடம்பின் கணக்கு. உன்னுடையதை நீதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80லிருந்து 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள் என்பார்கள். உனக்கு எவ்வளவு, எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்பதை உன் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

பார்ப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடு. ஒருநாள் மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திப் பார்த்து 287 என்று கண்டதும் அழுதுவிட்டேன். கழுவிவிட்டுப் பார்த்தால் 142. விரல் நுனியின் நடுவில் குத்தாதே, வலிக்கும், ஓரத்தில் குத்து. இரத்தச் சொட்டைத் தொட்டுவைக்கும் ஸ்ட்ரிப் இருக்கும் டப்பாவை உடனே மூடிவிடு, ஈரக்காற்றுப் பட்டால் கெட்டுவிடும். லேப் நம்பரும் மிஷின் நம்பரும் அச்சாக ஒத்துப்போகாது, 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம், அதற்காகக் குழம்பாதே.

இன்னொன்று. கிருத்திகை விரதத்தன்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டேன். படியிலேயே வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிவிட்டது. பையில் மிஷின் இருந்தது, பார்த்தால் 58. பக்கத்தில் இருந்த அம்மாள் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 91. நீ இப்போது சாப்பிடுவது மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் இப்படிச் சட்டென்று இறங்குவது அபூர்வம்தான். ஆனால் பின்னால் வேறு மாத்திரை சேர்த்தால் இது நினைவிருக்கட்டும். 70க்குக் கீழே வந்தால் உடனே சர்க்கரை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் மெதுவாகத்தான் ஏறும். நம்பர் நன்றாக இருக்கிறதே என்று நீயாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

உனக்கு நைட் ஷிஃப்ட் என்பதுதான் என் கவலை. இரவு ஒரு மணிக்கு ஆர்டர் செய்து சாப்பிடுகிறாய் என்று மருமகள் சொன்னாள். அவளைத் திட்டாதே, பயந்துபோய்ச் சொல்கிறாள். சாப்பிடு, கண்ணு, பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ஆனால் பிரியாணி சாப்பிட்ட இரவும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார். 250 வந்தால் 250 என்றே எழுது. பக்கத்தில் என்ன சாப்பிட்டாய் என்றும் எழுது. அந்தக் கெட்ட நாட்களைப் பார்த்துத்தான் டாக்டரால் உனக்கு வழி சொல்ல முடியும். நான் இரண்டு வருடம் அதைத்தான் அவரிடமிருந்து ஒளித்துவைத்தேன்.

கூரியரில் ஒரு மிஷினும் இரண்டு டப்பா ஸ்ட்ரிப்பும் அனுப்பியிருக்கிறேன். கொள்ளும் ஒரு கிலோ இருக்கிறது, ரசம் வைக்கத் தெரியாவிட்டால் போன் பண்ணு. கூடவே கோடு போட்ட நோட்டு ஒன்று. முதல் பக்கத்தில் தேதி போட்டு இன்றைய என் நம்பரை எழுதியிருக்கிறேன்: காலை 118, மதியம் பந்தியில் பாயசம் சாப்பிட்ட பிறகு 221.

அன்புடன்,
அம்மா