விற்கவே மாட்டேன் என்றால் எப்படி வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம்களை இணையத்திலிருந்து இறக்குவதும் திருட்டு விசிடியும் ஒன்றுதான் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதில் எனக்குப் பாதிதான் சம்மதம்.

நான் கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். 1990களின் கடைசியில் அப்பா பொள்ளாச்சியில் வாங்கித்தந்த மஞ்சள் வீடியோ கேம் கேசட்டில்தான் நானும் அண்ணனும் விளையாடினோம். மேலே 9999999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே மாரியோ, கான்ட்ரா என்று பத்துப் பதினைந்துதான், மீதியெல்லாம் அதுவே வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அது திருட்டு கேசட் என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அசலை எங்கள் தெருவில் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை.

சரி, இன்றைக்குக் கையில் காசு இருக்கிறது, விற்கிறவர் எங்கே? மாரியோவாவது சந்தா கட்டினால் கிடைக்கும், அதை விடுங்கள். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. அப்படிப்பட்ட கேம்களை நூலகங்கள் வைத்திருந்து, ஆய்வு செய்கிறவர்களுக்கு இணையம் வழியாகக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, கேம் கம்பெனிகளின் சங்கம் எதிர்த்தது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகமும் 2024இல் முடியாது என்றுவிட்டது. வைக்கோல் போரில் படுத்த நாய் கதைதான்.

நம் நாட்டுச் சட்டத்திலும் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் இலக்கியப் படைப்புக் கணக்கில் வருகிறது, எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டுக்கு உரிமை உண்டு. அதுவரை பழைய கேம்களைப் பதிந்து வைத்த ஃப்ளாப்பி டிஸ்க் தாங்குமா? என் கடைக்கு வருகிற ஃப்ளாப்பிகளைப் பார்த்தால் தெரியும், ஏட்டுக்குக் கரையான் மாதிரி இதற்குப் பூசணம். 1989இல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வைச் செய்த ஜோர்டான் மெக்னருக்கே அதன் மூல நிரல், அதாவது அவர் எழுதிய அசல் ப்ரோகிராம், தொலைந்துபோய், 2012இல் அவர் அப்பா அலமாரியில் கிடந்த பழைய ஃப்ளாப்பிகளை எடுத்துக் கொடுத்த பிறகுதான் கிடைத்தது. கிடைத்ததை அவர் பூட்டி வைக்கவில்லை, இணையத்தில் எல்லோருக்கும் போட்டுவிட்டார்.

அதனால் யாரும் விற்காத ஒன்றை ஒருவர் இறக்கி வைத்துக்கொண்டால், சட்டப்படி குற்றமாகவே இருக்கட்டும், அவரைத் திருடன் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் ஜிஓஜி போன்ற தளம் பழைய கேமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி சரிசெய்து விற்கும்போது, அதையும் ஓசியில் எடுப்பது அல்பத்தனம். காசாக்குவது அதைவிட மோசம். சமீபத்தில் ஒருவர் பெண்டிரைவில் ஆயிரக்கணக்கான கேம்களைப் போட்டுக்கொண்டு வந்து, 500 ரூபாய்க்கு விற்றுத்தாருங்கள், பாதி உங்களுக்கு என்றார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

பெரிய யோக்கியன் இல்லை நான். அந்த மஞ்சள் கேசட்டை வைத்துக்கொண்டு தெருப் பையன்களிடம் அரைமணிக்கு ஒரு ரூபாய் வாங்கியதும் நானும் அண்ணனும்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.