கட்டுப் பிரித்த காலும் தீம் பார்க் வரிசையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிந்த கையோடு ஊருக்கு டிக்கெட், கூடவே தீம் பார்க்குக்கும் டிக்கெட் என்பது கோடை விடுமுறையின் வழக்கமாகிவிட்டது. வீட்டில் ஒருவருக்குக் காலில் அடிபட்டிருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட மனம் வருவதில்லை. “வரட்டும், ஓரமா உட்கார்ந்துக்கட்டும்” என்று கூட்டிப் போய்விடுகிறோம். எலும்பு முறிவுப் பிரிவில் பிசியோதெரபி செய்கிறவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: தீம் பார்க்கில் அந்தக் காலைக் கெடுப்பது பெரும்பாலும் ராட்டினம் அல்ல, வரிசையும் ஈரத் தரையும்தான்.

மாவுக்கட்டோடு வந்தவரைப் பெரிய ராட்டினங்களில் ஏற்ற மறுப்பார்கள். அதற்காக ஊழியரிடம் சண்டை போடுவது நியாயமில்லை. குலுங்குவதும் அடிபடுவதும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ராட்டினம் பாதியில் நின்றுபோனால் எல்லோரையும் குறுகலான இரும்புப் படிகள் வழியாக நடத்தித்தான் இறக்க வேண்டியிருக்கும். கட்டை ஊன்றி அந்தப் படிகளில் இறங்க முடியாது.

கட்டுப் போட்டிருப்பவர்களாவது பயத்தில் அடக்கமாக இருந்துவிடுகிறார்கள். எங்களுக்குக் கவலையெல்லாம், கட்டுப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகாமல் கிளம்புகிறவர்களைப் பற்றித்தான். ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த காலில் கெண்டைக்கால் தசை இளைத்திருக்கும், கணுக்கால் மூட்டு இறுகியிருக்கும். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது அந்தக் கெண்டைத் தசைதான். அது சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் ஏறும். அதனால் மெதுவாக நடப்பதைவிட, வரிசையில் முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்பதுதான் காலை அதிகமாக வீங்க வைக்கும். வரிசையில் மற்றவர்கள் நிற்கட்டும். அடிபட்டவர் நிழலில், கால் தரையில் தொங்காமல் எதிரே ஒரு நாற்காலியில் நீட்டி உட்காரலாம். வீக்கம் முழுதாக வடிய வேண்டுமென்றால் பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குப் படுக்கத்தான் வேண்டும். ஆகவே மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் அறைக்குத் திரும்பிவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள். ஐஸ் வைத்தால் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும்.

நீர் விளையாட்டு அறவே வேண்டாம். மாவுக்கட்டு நனைந்தால் நொறுங்கும். ஃபைபர் கட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். வெளிக்கூடு தாங்கும், உள்ளே சுற்றிய பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும், தோல் ஊறிப் புண்ணாகும். பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும் குளியலறைத் தெறிப்புக்கு உதவலாம், அலைக்குளத்துக்கு உதவாது. புத்தூர் கட்டுக்கும் இதே கதைதான். கட்டுக்குள் அரித்தால் ஸ்கேல், ஊசி, குச்சி எதையும் விடாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் தண்ணீரில் இறங்காவிட்டாலும் செருப்பைக் கழற்றவே கூடாது. உணர்ச்சி மரத்த பாதத்துக்குச் சித்திரை வெயிலில் காய்ந்த தரை சுடுவது தெரியாது; கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

இனி ஊன்றுகட்டை. கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். ஒரே கட்டை என்றால் அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதைத் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள். அடிமுனை ரப்பர் தேய்ந்திருந்தால் கிளம்பும் முன்பே மாற்றுங்கள். புது ரப்பரும் ஈர டைல்ஸில் வழுக்கும். உடை மாற்றும் அறை, கழிவறைப் பக்கம் துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள். கட்டுக்குப் பதிலாக மாட்டும் கெட்டியான ‘வாக்கிங் பூட்’ போட்டிருந்தால் அந்தக் கால் சற்று உயர்ந்துவிடும். அடுத்த காலுக்குத் தடித்த அடியுள்ள ஷூ போடாவிட்டால் சாயங்காலம் இடுப்பு வலிக்கும்.

ரயிலில் கால் முறிந்தவர் என்பதற்காகக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு கிடையாது. 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள், கர்ப்பிணிகளுக்குத்தான் அது. ஆனால் இணையத்தில் பதிவு செய்யும்போது, ஒரு கீழ்ப்படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தெரிவு இருக்கிறது. படுக்கும்போது தலையை நடைபாதைப் பக்கமும் பாதத்தை ஜன்னல் பக்கமும் வையுங்கள். இல்லையென்றால் போகிற வருகிறவர்களின் பெட்டி இடிக்கும். காரில் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலைப் பையின் மேல் வைக்கலாம். டாஷ்போர்டின் மேல் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரிந்தால் காலே போய்விடும்.

விமானப் பயணம் என்றால், கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாதவர்கள், குறுகிய பயணமானால் 24 மணி நேரம் ஆகாதவர்கள், மருத்துவரிடம் மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்துவிடக் கேட்க வேண்டும். வானத்தில் கால் வீங்கினால் முழுக்கட்டுக்குள் இடமிருக்காது. வீல்சேரையும் 48 மணி நேரம் முன்பே கேட்டுவிடுங்கள். அதில் மூன்று வகை உண்டு: படி ஏறக்கூடியவருக்கு ‘ஆர்’, படி ஏற முடியாதவருக்கு ‘எஸ்’, இருக்கை வரை தூக்கிச் செல்ல வேண்டியவருக்கு ‘சி’. பொத்தாம்பொதுவாக வீல்சேர் என்று மட்டும் சொன்னால் ‘ஆர்’ என்று பதிந்து, விமானப் படிக்கட்டின் அடியில் இறக்கிவிட்டுவிடுவார்கள்.

எந்த வண்டியானாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் பயணமென்றால் ரத்தம் உறையும் ஆபத்து பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வழியில் கால் விரல்களை அடிக்கடி அசையுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ அங்கேயே பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

பூங்கா நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் பொழுதுபோக்கு இடம் தனியாருடையதானாலும் அதைப் பொதுக் கட்டிடம் என்றே சொல்கிறது. சாய்தளத்தில் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அது இருந்தால் ஆறு வாரத்துக்கு மட்டும் கால் முடங்கியவரும் பயனடைவார். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் எத்தனை படி, எத்தனை தூரம் நடை, வரிசையில் உட்கார இடம் உண்டா என்பதை டிக்கெட் விற்கும் இடத்திலேயே எழுதிப் போடுங்கள். வாடகை வீல்சேர்களில் கால் நீட்டும் தாங்கி உள்ள நாலைந்தாவது இருக்கட்டும்.

மருத்துவமனைகளுக்கும் ஒன்று. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ‘ஓய்வு’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை. அந்தக் காலில் எடையே போடக் கூடாதா, கால் விரல் நுனி மட்டும் தரையில் தொடலாமா, பாதி எடையா, முழு எடையா என்று எழுதித் தர வேண்டும். பாதி எடை என்றால் வீட்டு எடை மெஷினில் அந்தக் காலை மட்டும் வைத்து அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். 60 கிலோ உள்ளவருக்கு முள் 30இல் நிற்கும்போது கால் எப்படி இருக்கிறது என்று நாலு தடவை பழகினால், வெளியூரிலும் அந்த அளவு தவறாது.

இப்படிக்கு,
எலும்பு முறிவுப் பிரிவு பிசியோதெரபிஸ்ட்கள்,
மதுரை